ஷேடு கார்டை எடுப்பதற்கு முன் நான் கேட்கும் கேள்விகள்

மதுரை கே.கே. நகரில் ஒரு ஃபிளாட். 2019-ல் அதன் உள் அலங்கார வேலையை முடித்துச் சாவி கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அலமாரிக் கதவு ஒன்று சரியாக மூடவில்லை என்று ஃபோன் வந்ததால் கார்பென்டரைக் கூட்டிக்கொண்டு போனேன். காலை பதினொரு மணி இருக்கும். ஹாலில் யாரும் இல்லை. புது சோஃபாவில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. வீட்டுக்கார அம்மா, சமையலறையை ஒட்டித் துணி துவைக்க விட்டிருந்த இடத்தில், வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா இங்க உட்கார்ந்திருக்கீங்க?"

"இங்கதான் நல்லா காத்து வருது."

ஹாலில் இரண்டு ஃபேன், ஒரு ஏசி, கிழக்கே பெரிய ஜன்னல். காத்து காரணமில்லை என்று எனக்கே தெரிந்தது. ஆனால் புது வீடு, பழக நாளாகும் என்று நினைத்துக்கொண்டு கதவைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டேன். அன்று இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

அந்த வீட்டுக்கு நிறம் தேர்ந்தெடுத்தவர் வெளிநாட்டில் இருக்கும் மகள். அம்மா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வீட்டுச் செலவு முழுக்க மகளுடையது. ஹால் சுவர் நான்கும் சாம்பல் நிறம், மேலே வெள்ளை, சோஃபா அதைவிட ஒரு படி அடர்ந்த சாம்பல். மகள் அனுப்பிய படங்களில் இருந்தது போலவே செய்து கொடுத்தோம். எனக்கும் அது ரொம்பப் பிடித்திருந்தது. படம் எடுத்து என் வேலைகளின் தொகுப்பில்கூடச் சேர்த்தேன். அம்மாவிடம் கேட்டபோது, "அவளுக்குப் பிடிச்சிருக்குல்ல, போதும்மா" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்துக் கடைசி பில்லுக்காக மறுபடி போனேன். அதே ஸ்டூல். இந்த முறை நானும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். காபி கொடுத்தார். பேச்சு எங்கெங்கோ போய் அவர்களுடைய பழைய வீட்டுக்கு வந்தது. 1984-ல் திருநகரில் கட்டியது. செங்கல் வைத்து, தளம் போட்டு, உள்ளே சிமென்ட் பூசியதோடு கையிலிருந்த காசு தீர்ந்துவிட்டது. அப்படியே குடிபோனார்கள். சுண்ணாம்பு அடிக்கப் பதினோரு வருடம் ஆனதாம்.

"சொந்தக்காரங்க யார் வந்தாலும் முதல்ல சுவரைத்தான் பார்ப்பாங்க. 'இன்னும் வேலை முடியலையா டீச்சர்?'னு கேப்பாங்க. கடைக்காரங்க குடுக்கிற காலண்டரை ஒண்ணுகூட விடாம வாங்கி வரிசையா மாட்டி வச்சிருந்தேன். சுவர் தெரியக் கூடாதுன்னுதான். ஒரு சுவர்ல ஒம்பது காலண்டர்."

அதைச் சொல்லும்போது அவர் ஹால் பக்கம் திரும்பவே இல்லை. நான் திரும்பிப் பார்த்தேன். நான் அடித்துக் கொடுத்திருந்தது பூச்சு வேலையோடு நின்றுபோன அந்த வீட்டின் நிறம். என் கண்ணுக்கு நாகரிகமாகத் தெரிந்தது, அவருக்குப் பதினோரு வருடக் கூச்சமாகத் தெரிந்திருக்கிறது. மகளுக்கு வீட்டின் அந்தக் காலம் நினைவில் இல்லை. சுண்ணாம்பு அடித்தபோது அவள் ஒன்றாம் வகுப்பு.

"அவகிட்ட சொல்லிராதம்மா. ஆசைப்பட்டுச் செஞ்சிருக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அவரைச் சம்மதிக்க வைத்து மகளிடம் பேச இரண்டு வாரம் ஆனது. மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மாவுக்கு என்ன வேணுமோ அதை அடிங்க அக்கா, என் ரூம் மட்டும் அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

இந்தத் தடவை நான் ஷேடு கார்டை, அதாவது பெயின்ட் கம்பெனிகளின் நிறங்கள் அச்சடித்த அட்டையை, பையிலேயே வைத்துக்கொண்டேன். அம்மாவிடம் ஒரே கேள்விதான் கேட்டேன். "சுண்ணாம்பு அடிச்சு முடிச்ச அன்னைக்கு வீடு எப்படிம்மா இருந்துச்சு?" அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். "நீலம் போட்டு அடிச்சாங்க. சாயங்காலம் வெளிச்சத்துல வீடே வெள்ளை வேட்டி மாதிரி இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி எல்லா காலண்டரையும் கழட்டிட்டு ஒண்ணே ஒண்ணு மாட்டினேன்."

சுண்ணாம்பில் நீலம் கலப்பது நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். சுண்ணாம்பு தனியாக இருந்தால் லேசான மஞ்சள் தட்டும். கொஞ்சம் நீலம் அந்த மஞ்சளை அடக்கிவிடும், கண்ணுக்கு வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரியும். பள்ளிச் சட்டைக்குச் சொட்டு நீலம் போட்டதும் இதற்காகத்தான். எமல்ஷன் பெயின்டில் அதே குணமுள்ள வெள்ளை ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். ஆனால் அங்கே இருந்தது 6500 கெல்வின் எல்.இ.டி. டியூப். கெல்வின் எண் ஏற ஏற வெளிச்சத்தில் நீலம் கூடும். அந்த வெளிச்சமே நீலம் தட்டியது. நீல வெள்ளைச் சுவரில் அது விழுந்தால் இரவில் ஆஸ்பத்திரி வார்டு போல ஆகிவிடும். விளக்கை 4000 கெல்வினுக்கு மாற்றினோம். சோஃபாவை மாற்றவில்லை. வெள்ளைச் சுவருக்கு முன்னால் அதே சாம்பல் சோஃபாவைப் பற்றி அவர் ஒரு குறையும் சொன்னதில்லை. நாலு குஷனுக்கு மட்டும் அவருடைய பழைய சுங்குடிச் சேலையிலிருந்து உறை தைத்துக் கொடுத்தேன். அடுத்த முறை நான் போனபோது பேப்பர் சோஃபாவில் கிடந்தது.

அந்த வீட்டுக்குப் பிறகுதான் நான் வேலையைத் தொடங்கும் முறையே மாறியது. அதற்கு முன் முதல் சந்திப்பிலேயே ஷேடு கார்டை விரித்துவிடுவேன். ஆயிரத்துக்கு மேல் நிறத்தைக் காட்டி "எது பிடிக்கும்?" என்று கேட்டால் மனிதர்கள் திகைத்துப் போகிறார்கள். பிறகு பக்கத்து வீட்டில் பார்த்ததையோ, "ஏதாவது லைட் கலரா போடுங்க" என்பதையோ சொல்லிவிடுகிறார்கள். அது அவர்களுடைய விருப்பம் அல்ல, திகைப்பு.

இப்போது முதலில் கேட்பது, "எந்த கலர் வேண்டவே வேண்டாம்?" இதற்கு யாரும் யோசிப்பதில்லை. பட்டென்று பதில் வரும், பின்னாலேயே காரணமும் வரும். இளம்பச்சை வேண்டாம் என்றார் ஒருவர். அப்பாவோடு நாலு மாதம் அரசு மருத்துவமனையில் இருந்தவர், படுக்கைக்குப் பக்கத்துச் சுவரில் பாதி உயரம்வரை அடித்திருந்த பச்சையைப் பார்த்துக்கொண்டே இரவுகளைக் கழித்தவர். மருத்துவமனைப் பச்சைக்கு ஒரு நல்ல காரணம் உண்டு. 1914-ல் சான்பிரான்சிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்ற அறுவை மருத்துவர், வெள்ளை அறையின் கூசலைத் தாங்காமல் தன் அறுவை அரங்கைக் கீரைப் பச்சைக்கு மாற்றினார். ரத்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்குப் பச்சை ஓய்வு. ஆனால் அந்த ஓய்வு மருத்துவருக்கு. படுக்கைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு விழித்திருந்த மகனுக்கு அதே பச்சை வேறு ஒன்றாகத்தான் மனதில் தங்கும். இதே இளம்பச்சையை இன்னொரு வீட்டில் ஆசைஆசையாகக் கேட்டு வாங்கினார்கள். அவர்களுக்கு அது நாற்றங்கால்.

இதைப் பற்றிப் படித்தபோது, எனக்குக் கையில் தெரிந்திருந்த விஷயத்துக்கு ஒரு விளக்கம் கிடைத்தது. 2010-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஸ்டீஃபன் பால்மர், கேரன் ஷ்லாஸ் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 32 நிறங்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு குழுவிடம் ஒவ்வொரு நிறத்தையும் காட்டி, இதைப் பார்த்தால் என்னென்ன பொருள் ஞாபகம் வருகிறது என்று கேட்டார்கள். இன்னொரு குழுவிடம் அந்தப் பொருள்கள் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டார்கள். பொருள்மேல் இருந்த பிரியத்தைக் கொண்டே நிறத்தின்மேல் இருக்கும் பிரியத்தைப் பெருமளவு கணித்துவிட முடிந்தது. தெளிந்த வானமும் நல்ல தண்ணீரும் நீலம், அதனால் பலருக்கும் நீலம் பிடிக்கிறது. அழுகலும் கழிவும் மங்கிய பழுப்புப் பச்சை, அதனால் பலருக்கும் அது பிடிப்பதில்லை. பிற்பாடு இரண்டு பல்கலைக்கழகங்களின் மாணவர்களிடமும் பார்த்தார்கள். தங்கள் பல்கலைக்கழகத்தின்மேல் பற்று அதிகமுள்ள மாணவர்களுக்கு அதன் நிறமும் அதிகம் பிடித்திருந்தது. கட்சிக்கொடி நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடக் கூடாது என்று இங்கே ஒவ்வொரு வீட்டிலும் பார்த்துப் பார்த்து விலக்குகிறோமே, அதுவும் இதேதான்.

அதனால் என் இரண்டாவது கேள்வி, "சின்ன வயசுல எந்த வீட்டுக்குப் போனா சந்தோஷமா இருக்கும்?" தாத்தா வீடு என்பார்கள், லீவுக்குப் போன அத்தை வீடு என்பார்கள். அங்கே தரை என்ன, கதவு என்ன நிறம், திண்ணை எப்படி என்று கேட்டுக்கொண்டே போனால் அவர்களுக்குள்ளிருந்து நிறங்கள் வந்துகொண்டே இருக்கும். காரைக்குடிப் பக்கத்தில் வளர்ந்தவர் ஆத்தங்குடிக் கல்லின் அரக்குச் சிவப்பையும் கரும்பச்சையையும் சொல்வார். ரெட் ஆக்சைடு தரையில் குப்புறப் படுத்துப் படித்தவர்கள் அந்தச் சிவப்பை வயிற்றில் பட்ட குளிர்ச்சியோடு சேர்த்தே சொல்வார்கள். சிவப்பு சூடான நிறம் என்று எந்தப் புத்தகம் சொன்னாலும் அவர்களுக்கு அது குளிர்ந்த நிறம்.

மூன்றாவது, வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்பது. கே.கே. நகர் அம்மா எனக்குக் கற்றுக்கொடுத்தது இது. மகளும் மருமகளும் பணம் கொடுப்பவரும் பக்கத்தில் இருக்கும்போது பெரியவர்கள் வாயிலிருந்து வரும் "எனக்கு எதுன்னாலும் சரி"யை நான் பதிலாக எழுதிக்கொள்வதில்லை. பகலெல்லாம் வீட்டில் இருக்கப் போவது யார் என்று பார்த்து, அவருக்குத்தான் ஹால் நிறத்தில் முதல் உரிமை கொடுக்கிறேன்.

பெண்களிடம் பேசும்போது சேலை நிறங்களின் பெயர்கள் எனக்குப் பெரிய உதவி. வாடாமல்லி, மயில் கழுத்து, மாந்துளிர், வெங்காயத்தோல், அரக்கு, கிளிப்பச்சை, எலுமிச்சை மஞ்சள், பாக்கு நிறம். ஷேடு கார்டில் அச்சடித்த ஆங்கிலப் பெயரைச் சொன்னால் தலையாட்டுவார்கள். "வெங்காயத்தோல் கலர்ல ஒரு சுவர்" என்றால் உடனே, "சின்ன வெங்காயமா, பெரிய வெங்காயமா?" என்று கேட்பார்கள். இரண்டும் வேறு நிறம் என்பது அவர்களுக்கு எந்த டிசைனரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வீட்டில் அந்த அம்மா பீரோவைத் திறந்து சேலைகளைக் கட்டிலில் பரப்பினார். எதை அடிக்கடி கட்டுகிறார், எதைக் கட்டாமலே மடித்து வைத்திருக்கிறார் என்பதைப் பார்த்தே எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. உடம்பில் பிடித்த நிறம் எல்லாம் சுவரில் பிடிக்கும் என்று சொல்லவில்லை. சேலையை இரவில் மாற்றிவிடலாம், சுவரை ஐந்தாறு வருடத்துக்கு மாற்ற முடியாது. ஆனால் அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பது தெரிந்துவிடும்.

ஆண்களிடம் கேட்கும்போது இன்னொன்றையும் கவனிக்கிறேன். சிவப்பும் பச்சையும் பிரித்தறிவதில் பிறவியிலேயே குறை உள்ளவர்கள் ஆண்களில் பெண்களைவிடப் பல மடங்கு அதிகம். ஒரு தம்பதி இரண்டு நாளாகச் சண்டை. கணவர் "அந்த பிரவுன்" என்கிறார், மனைவி "எங்கே இருக்கு பிரவுன்?" என்கிறார். இருவரும் கை வைத்தது ஒரே கட்டத்தில். மனைவிக்கு அது பாசிப் பச்சை. பிள்ளைகள் வளர்ந்த பிறகும் அவருக்குத் தன் குறை தெரியாமலே இருந்திருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் நிறத்தின் பெயரை விட்டுவிட்டு, வெளிர்வுக்கும் அடர்வுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

ஆனால் மனதில் இருக்கும் நிறத்தைக் கண்டுபிடித்துவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது. அது சுவரில் அதே நிறமாக வர வேண்டும். இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள், நானும் ஏமாந்திருக்கிறேன்.

அண்ணாநகரில் ஒரு குழந்தையின் அறைக்கு ஷேடு கார்டில் பார்த்துப் பிடித்துப்போய் மஞ்சள் அடித்தோம். கார்டில் அது வெயிலில் காய்ந்த எலுமிச்சைத் தோல் போல இதமாக இருந்தது. நாலு சுவரும் அடித்து முடித்ததும் அறைக்குள் நுழைந்தால் கண் கூசியது. பெயின்டர் அண்ணன் கதவருகே நின்று என்னிடம், "பாப்பா, இது தூங்க விடாது" என்றார். காரணம் எளிது. இரண்டு விரல் அகலக் கட்டத்தில் பார்க்கும் நிறம் வேறு. எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றின் வெளிச்சத்தை ஒன்று வாங்கித் திருப்பி அடிக்கும்போது நிறம் ஏறிக்கொண்டே போகும். மஞ்சளில் இது மிக அதிகம். இப்போது கார்டில் பிடித்ததற்கு இரண்டு படி வெளிர்ந்ததையே முதலில் பார்க்கச் சொல்கிறேன். சில கம்பெனிகளின் ஷேடு கார்டில் நிறத்தின் பக்கத்தில் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். சுவரில் விழும் வெளிச்சத்தில் எவ்வளவு திரும்பி வரும் என்பதற்கான அளவு, 0 முதல் 100 வரை. ஒரே ஒரு ஜன்னல் உள்ள அறைக்கு 60-க்குக் கீழே போவதானால் நான் இரண்டு முறை யோசிப்பேன்.

ஜன்னல் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். இணையத்தில் படித்துவிட்டு, "வடக்கு ஜன்னல், குளிர்ந்த வெளிச்சம், அதனால சூடான கலர் வேணும்" என்று சொல்வார்கள். அது லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் எழுதியது. மதுரை ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை தொடக்கத்திலிருந்து ஆவணி முன்பாதிவரை நடுப்பகலில் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. ஆனி மாதத்தில் வடக்கு ஜன்னலிலும் காலையும் மாலையும் வெயில் உள்ளே வரும். மார்கழியில் அதே ஜன்னல் நிழலாகிவிடும், தெற்கு ஜன்னல் வெயிலை முழுக்க வாங்கிக்கொள்ளும். ஒரே சுவர் ஒரே வருடத்தில் இரண்டு நிறம். மேற்கு ஜன்னலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாலை நாலரைக்கு மேல் எந்த வெள்ளையும் சந்தனம் ஆகிவிடும்.

அதனால் நான் யாரையும் கார்டை வைத்து முடிவெடுக்க விடுவதில்லை. ஒரு பிளைவுட் பலகை, இரண்டடிக்கு இரண்டடி. முதலில் வெள்ளை பிரைமர், அதன்மேல் தேர்ந்தெடுத்த நிறம் இரண்டு கோட். பழைய நிறத்தின் மேலேயே ஓரமாகத் தீற்றிப் பார்ப்பது உதவாது, பழைய சுவர் கண்ணைக் குழப்பிவிடும். பலகை நன்றாகக் காய்ந்த பிறகு பார்க்க வேண்டும், ஈரத்தில் இருக்கும் நிறம் வேறு. அதை அந்த அறையிலேயே, ஒரு நாள் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரிலும் மறுநாள் ஜன்னலை ஒட்டிய சுவரிலும் சாய்த்து வைத்து, காலை எட்டு மணி, நடுப்பகல், ராத்திரி எட்டு மணி என்று பார்க்கச் சொல்வேன். வீட்டில் அதிகம் இருக்கும் நேரத்தில் எப்படித் தெரிகிறதோ அதுதான் உங்கள் நிறம். ராத்திரிதான் எல்லோரும் கூடுகிறார்கள் என்றால் டியூப்லைட்டில் பார்த்ததுதான் கணக்கு.

தரையையும் பார்க்க வேண்டும். ரெட் ஆக்சைடு தரை உள்ள வீட்டில் வெள்ளைச் சுவரின் கீழ்ப்பாதி லேசாக ரோஸ் தட்டும். வாசலில் பெரிய வேப்பமரம் இருந்தால் ஹால் சுவரில் பச்சை ஏறும். தரை, திரைச்சீலை, மரச்சாமான் எல்லாம் முடிவான பிறகு பெயின்டைக் கடைசியாகத் தேர்ந்தெடுங்கள் என்று நான் கெஞ்சிச் சொல்வேன். துணியில் நமக்குக் கிடைப்பது நூறு நிறம் என்றால் பெயின்டில் ஆயிரம். ஆயிரத்திலிருந்து நூறுக்குப் பொருத்துவது சுலபம்.

திரைச்சீலை என்றதும் ஒரு சம்பவம். ஒரு வீட்டில் கடையில் தேர்ந்தெடுத்தது நல்ல சந்தன நிறத் துணி. வீட்டில் மாட்டியதும் அது அழுக்கு நீலமாகத் தெரிந்தது. கடைக்காரர் துணியை மாற்றிவிட்டார் என்று அந்த அம்மாவுக்கு ஒரே கோபம். நான் திரையைக் கழற்றி வெள்ளை மேல்துண்டின்மேல் விரித்துக் காட்டினேன். சந்தனம்தான். சுவர் ஆரஞ்சு கலந்த காவி. அதன் பக்கத்தில் எது வந்தாலும் கண் அதை எதிர்ப்பக்கமாக, நீலமாகத் தள்ளிவிடும். பாரிஸில் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த செவ்ரல் என்ற வேதியியலாளருக்கு இதே புகார்தான் வந்தது. கறுப்பு நூலில் சாயம் சரியில்லை என்றார்கள். அவர் சோதித்துப் பார்த்தார், சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் வைத்து நெய்த நிறங்கள்தான் கறுப்பை மங்கடித்தன. 1839-ல் அதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் துணியை வெள்ளையின்மேல் போட்டுப் பாருங்கள்.

கண்ணும் மாறும் என்பதை என் மாமனாரிடம் கற்றேன். எங்கள் வீட்டுச் சுவர் வெள்ளை. அவர் பல வருடமாக அதை "கிரீம் கலர்" என்றே சொல்லிவந்தார். நாங்களும் திருத்தவில்லை. அரவிந்த் கண் மருத்துவமனையில் வலது கண்ணுக்குக் கண்புரை அறுவை செய்து கட்டுப் பிரித்த மறுநாள், கட்டிலில் உட்கார்ந்து ஒரு உள்ளங்கையால் இடது கண்ணை மூடினார். பிறகு வலது கண்ணை மூடினார். மறுபடி மறுபடி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இந்தக் கண்ணுல பழைய பேப்பர் மாதிரி இருக்கு. இந்தக் கண்ணுல நீலம் போட்ட வேட்டி மாதிரி இருக்கு. எதும்மா நிஜம்?" வயது ஏற ஏறக் கண் லென்ஸ் மஞ்சளாகும், நீலம் உள்ளே வருவது குறையும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் அவர்களுக்கே தெரியாது. ஓவியர் மோனே 1923-ல் கண்புரை அறுவை செய்துகொண்ட பிறகு எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று தவித்ததும் இதனால்தான்.

அன்றிலிருந்து பெரியவர்கள் இருக்கும் வீட்டில் நான் வெளிர் நீலத்துக்கும் வெளிர் சாம்பலுக்கும் நடுவே நுணுக்கமான வித்தியாசங்களை வைத்து விளையாடுவதில்லை. அவர்கள் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. குளியலறையில் சுவரும் தரையும் ஒரே வெளிர் நிறமாக இருந்தால் தரை எங்கே முடிகிறது என்று தெரியாமல் தடுமாறுவார்கள். தரை ஓரத்திலும், படிக்கட்டு விளிம்பிலும், சுவிட்சு போர்டைச் சுற்றியும் அடர்ந்த நிறம் ஒரு பட்டையாவது வேண்டும். வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கைப்பிடி வைக்கவே வைக்காதீர்கள். இந்த ஒன்றை மட்டும் நான் யாருடைய ரசனைக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

வாட்ஸ்அப்பில் வரும் சில செய்திகளையும் சொல்ல வேண்டும். நீலம் அடித்தால் பிள்ளை படிக்குமா, ரோஸ் அடித்தால் கோபம் குறையுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். அந்த ரோஸ் கதை 1979-ல் சியாட்டிலில் ஒரு கடற்படைச் சிறையில் தொடங்கியது. ஓர் அறைக்குக் குறிப்பிட்ட ரோஸ் அடித்ததும் கைதிகள் சாந்தமானார்கள் என்று சொன்னார்கள். சிறையை நடத்திய இரு அதிகாரிகளின் பெயரையே அந்த நிறத்துக்கு வைத்தார்கள், பேக்கர்-மில்லர் பிங்க். பிற்காலத்தில் கவனமாகச் செய்த சோதனைகளில் அந்தப் பலன் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தவரை, பிள்ளை படிப்பதற்கு மேசைமேல் நிழல் விழாத நல்ல வெளிச்சமும், அந்த அறை தன்னுடையது என்ற எண்ணமும் வேண்டும். அதற்குப் பிள்ளையையே நிறம் தேர்ந்தெடுக்க விடுங்கள். கறுப்பு கேட்டால் பதறாதீர்கள். ஒரு பையன் கேட்டான், கதவின் உட்பக்கம் மட்டும் கரும்பலகை பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். அம்மாவுக்கும் நிம்மதி, அவனுக்கும் எழுத இடம்.

வாஸ்து பார்க்கும் வீடுகளில் நான் வாதாடுவதில்லை. ஒரு திசைக்குப் பச்சை என்று சொன்னால், பச்சையில் வேப்பந்தளிரிலிருந்து பாசி வரைக்கும் எத்தனை உண்டு. அவர்கள் நம்பிக்கைக்குள்ளேயே அவர்கள் நினைவுக்கு நெருக்கமான ஒன்றைத் தேடிவிட முடிகிறது.

நிறம் முடிவானதும் ஒரு சுவருக்குத் தேவையான பெயின்டை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். கடையில் டின்டிங் மெஷின் என்ற நிறம் கலக்கும் இயந்திரத்தில் கலந்தாலும் வேறு வேறு நாள் வாங்கிய டப்பாக்களுக்குள் மயிரிழை வித்தியாசம் வரலாம். ஒரே சுவரில் நடுவே அது கோடாகத் தெரியும். ஷேடு நம்பரை அலமாரிக் கதவின் உட்பக்கம் எழுதி வையுங்கள். நாலு வருடம் கழித்து நீங்களும் மறந்திருப்பீர்கள், நானும் மறந்திருப்பேன்.

அலமாரி என்றதும், மேலூர் பக்கத்தில் செய்த ஒரு வீடு. பேரன் கட்டிய வீடு, அப்பத்தாவுக்கு என்று கீழே ஓர் அறை. கணவர் இறந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அன்றிலிருந்து வெள்ளைச் சேலைதான். "அப்பத்தா ரூமுக்கு வெள்ளை, இல்லன்னா கிரீம், டீசன்டா" என்று பேரன் சொல்லிவிட்டான். வழக்கம்போல நான் தனியாகப் போய் உட்கார்ந்தேன்.

"அப்பத்தா, உங்களுக்கு எந்த கலர் பிடிக்கும்?"

"எனக்கென்னத்தா இந்த வயசுல கலரு."

"கல்யாணத்துக்கு முன்னாடி?"

ரொம்ப நேரம் பேசவில்லை. வெற்றிலையை மடித்தார், காம்பைக் கிள்ளினார், மறுபடி பிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வாடாமல்லி" என்றார். "அழகர் ஆத்துல எறங்குறதுக்கு எங்கய்யா எடுத்துக் குடுத்தாரு. ஒரே ஒரு தடவை கட்டுனேன்." அதற்குமேல் சொல்லவில்லை. சுவரில் அடிக்கலாமா என்றேன். "அய்யய்யோ, ஊரு சிரிக்கும்" என்று கையை ஆட்டினார்.

சுவருக்கு வெள்ளை அடித்தோம். அவருடைய துணிமணிக்கான சுவர் அலமாரியின் உட்புறம் முழுக்க, தட்டுகள் உட்பட, வாடாமல்லி. டின்டிங் மெஷினில் மூன்று முறை கலந்து பார்த்தோம், ஒவ்வொரு முறையும் அவர்கள் வீட்டுக் கொல்லையில் பறித்த பூவைப் பக்கத்தில் வைத்து. கதவு மூடியிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது.

கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். சொந்தக்காரர்கள் மாடியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே அப்பத்தா கட்டிலில் உட்கார்ந்திருந்தார், அலமாரிக் கதவு இரண்டும் திறந்திருந்தது. உள்ளே இன்னும் ஒரு துணிகூட அடுக்கவில்லை. மூடட்டுமா என்று பேத்தி கேட்டாள்.

"இருக்கட்டும்த்தா, பெயின்டு வாடை போகட்டும்" என்றார் அப்பத்தா.

பெயின்ட் அடித்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது.